பெல்லட் கிரிலில் ஹீட்டிங் பெல்லட் எரிக்கலாமா? எதை வாங்கலாம், எப்படிச் சோதிக்கலாம், எதைத் தொடவே கூடாது

மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருளைத் துண்டுகள்தான் பெல்லட். அதை எரித்துச் சமைக்கிற பெல்லட் கிரில் வாங்கிய முதல் கோடைக்காலம் முடிவதற்குள் அமெரிக்காவில் எல்லோருக்கும் ஒரு விஷயம் உறைத்துவிடும். கிரிலுக்குக் கொடுக்கிற காசு ஒரு தடவைதான், பெல்லட்டுக்குக் கொடுப்பது தீரவே தீராது. செப்டம்பர், அக்டோபர் வந்தால் டிராக்டர் சப்ளை, லோஸ், ஹோம் டிப்போ மாதிரிக் கடைகளில் வீட்டைச் சூடாக்குகிற ஹீட்டிங் பெல்லட் மூட்டைகளை வாசலிலேயே ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். 40 பவுண்டு மூட்டை, ஊரைப் பொறுத்து 6 டாலரிலிருந்து 9 டாலர் வரை. உள்ளே கிரில் பகுதிக்குப் போனால் சமையல் பெல்லட் 20 பவுண்டு பையே 15 முதல் 20 டாலர். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கனம், ஒரே நிறம், இரண்டும் மரத்தூளை அழுத்திச் செய்ததுதான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படிக்கலாம். போடலாம், ஆனால் எல்லா ஹீட்டிங் பெல்லட்டையும் போட முடியாது. முழுக்க முழுக்க வன்மரமாக, அதாவது ஓக், மேப்பிள் மாதிரி அகன்ற இலை மரமாக இருக்க வேண்டும், பசையோ பெயின்ட்டோ மருந்தோ படாத புது மரத்தின் தூளாக இருக்க வேண்டும், இந்த இரண்டையும் தயாரித்த ஆலையே உங்களுக்கு எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த மூட்டையை வீட்டைச் சூடாக்க பெல்லட் ஸ்டவ் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு விட்டுவிடுங்கள்.

எவ்வளவு மிச்சமாகும்

ஹீட்டிங் பெல்லட்டை 7 டாலர் என்று வைத்துக்கொண்டால் பவுண்டுக்கு 17.5 சென்ட். சமையல் பெல்லட் 20 பவுண்டு 18 டாலர் என்றால் பவுண்டுக்கு 90 சென்ட். 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓடும் சாதாரண அளவு கிரில் மணிக்கு ஒரு பவுண்டிலிருந்து ஒன்றரை பவுண்டு வரை தின்னும், 400 டிகிரிக்கு மேல் ஏற்றினால் இரண்டு பவுண்டைத் தாண்டும். வெளியே பனி கொட்டுகிற ஜனவரி என்றால் இன்னும் கூடும். மாட்டு நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட் ஒன்றைப் பன்னிரண்டு மணி நேரம் போட்டால் சுமார் 15 பவுண்டு போகும். சமையல் பெல்லட் என்றால் 13 டாலர் 50 சென்ட், ஹீட்டிங் பெல்லட் என்றால் இரண்டே முக்கால் டாலருக்குள். மாதம் ஒரு தடவை கிரிலைத் தொடுகிறவருக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை, அவர் இந்தத் தலைவலிக்குள் வரவே வேண்டாம். வாராவாரம் கோழி, ஆட்டுத் தொடை, நண்பர்கள் வந்தால் பன்றித் தோள் என்று ஓடுகிற வீட்டுக்கு வருடத்தில் சில நூறு டாலர் நிற்கும்.

இரண்டும் ஒரே குடும்பம்தான்

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஹீட்டிங் ஆயிலுக்கு மாற்றாக மரத்தூள் பெல்லட் அமெரிக்காவில் வேர் பிடித்தது. எண்பதுகளில் வடமேற்கு மாநிலங்களில் பெல்லட் ஸ்டவ் வீடுகளுக்குள் வந்தது. ஆரிகன் மாநிலத்தின் மவுன்ட் ஏஞ்சல் ஊரில் வீட்டுக்குச் சூடேற்றும் சாதனங்கள் வியாபாரம் செய்துகொண்டிருந்தது டிரேகர் குடும்பம். அங்கேதான் ஜோ டிரேகர் அதே பெல்லட்டை வைத்துச் சமைக்கிற கிரிலைச் செய்தார், 1986இல் காப்புரிமையும் வாங்கினார். ஆக இந்தக் கிரிலே கணப்பு அடுப்பின் தம்பிதான். ஹாப்பர் என்கிற தொட்டியில் கொட்டியதை ஆகர் என்கிற திருகு தள்ளிக்கொண்டுபோய் ஃபயர்பாட் என்கிற எரிகிண்ணத்தில் போடும், ஹாட் ராட் என்கிற சூடேறும் கம்பி பற்றவைக்கும், ஃபேன் காற்று ஊதும், வெப்பநிலையைப் பார்த்து கன்ட்ரோலர் ஆகரை நிறுத்தி ஓட்டும். பெல்லட் ஸ்டவ்வும் ஏறக்குறைய இப்படியேதான் வேலை செய்கிறது.

தயாரிப்பும் ஒன்றுதான். மரத்தூளை உலர்த்தி, அரைத்து, கால் அங்குல ஓட்டைகள் உள்ள அச்சின் வழியாகப் பயங்கர அழுத்தத்தில் தள்ளுவார்கள். அந்த உராய்வுச் சூட்டில் மரத்திலேயே இருக்கிற லிக்னின் இளகி, ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தனியாகப் பசை சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. பெல்லட்டின் மேல் தெரிகிற அந்த மினுமினுப்பு லிக்னினுடையது. எரிதிறனும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வெப்ப அளவில் பவுண்டுக்கு ஏறக்குறைய 8,000 பி.டி.யு.

அப்படியென்றால் ஆபத்து எங்கே? உள்ளே போகிற தூள் எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. ஸ்டவ்வில் எரிவதன் புகை குழாய் வழியாக வெளியே போய்விடும், கிரிலிலோ அந்தப் புகைதான் கறியின் மேல் படிகிறது, அதைத்தான் நாம் சாப்பிடுகிறோம்.

வாங்கும் முன் புரிந்துகொள்ள வேண்டியது

முதலாவது மென்மரம். பைன், ஃபர், ஸ்ப்ரூஸ் மாதிரி ஊசியிலை மரங்களில் பிசின் அதிகம். நன்றாகக் காற்றோட்டம் கொடுத்துச் சூடாக எரித்தால் ஸ்டவ்வில் அருமையாக எரியும், சாம்பலும் குறைவு, அதனால் ஸ்டவ் வைத்திருக்கிறவர்கள் மென்மரத்தை விரும்பி வாங்குவார்கள். ஆனால் 225 டிகிரியில் மெதுவாகப் புகைகிற கிரிலில் அதே பிசின் கரிப்பிசுக்காகவும் கசப்பாகவும் கறியில் ஏறும். லிக்னினிலும் வேறுபாடு உண்டு. ஓக், ஹிக்கரி, மேப்பிள் போன்ற மரங்களின் லிக்னின் எரியும்போது வருகிற சிரிங்கால் என்ற பொருள்தான் புகை வாசனைக்குப் பெரிய காரணம். ஊசியிலை மரங்களில் அது வெகு குறைவு. அதனால் ஸ்டவ்வுக்கு நல்ல பெல்லட் கிரிலுக்கும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், பல சமயம் நேர் எதிர்.

இரண்டாவது, இதுதான் உண்மையான கவலை, கழிவு மரம். பிளைவுட்டிலும் பார்ட்டிக்கிள் போர்டிலும் யூரியா-ஃபார்மால்டிஹைட் மாதிரிப் பசைகள் இருக்கும். பழைய டெக், வேலி மரங்களில் 2003 கடைசி வரை ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியிருந்தார்கள். சரக்கு ஏற்றும் மர பேலட்களில் எம்.பி. என்று முத்திரை இருந்தால் மெத்தில் புரோமைட் புகை போட்டது என்று அர்த்தம். இவற்றில் ஒன்று கலந்தாலும் சமையலுக்கு ஆகாது. நல்ல வேளையாக, 2015இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொண்டுவந்த விதிகளில் பெல்லட் ஸ்டவ்வுக்கு அங்கீகரிக்கப்பட்ட தரச் சான்று உள்ள பெல்லட்தான் போட வேண்டும் என்று வைத்தார்கள். கட்டட இடிபாடு, பிளைவுட், மருந்தேற்றிய மரம் எல்லாம் அதில் தடை. அதனால் சான்று உள்ள மூட்டையில் இந்தக் குப்பை இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் அந்தச் சான்று ஸ்டவ்வுக்கானது, உணவைப் பற்றி அது வாயே திறக்காது, இதை மறக்கக் கூடாது.

இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பாய்லருக்கும் செங்கல் சூளைக்கும் விற்கிற பயோமாஸ் பெல்லட், பிரிக்கெட் எல்லாம் கடலைத்தோல், விவசாயக் கழிவு என்று பலதும் கலந்து வருகிறவை. ஊரில் கிரில் வைத்திருக்கும் உறவினர் கேட்டால் அது வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 1: மூட்டையை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்

முன்பக்கம் கொட்டை எழுத்தில் "பிரீமியம்" என்று இருப்பதை நம்பி எடுக்காதீர்கள். அந்தச் சொல் மரத்தின் வகையைச் சொல்லவில்லை, தரநிலையைச் சொல்கிறது. பெல்லட் ஃப்யூயல்ஸ் இன்ஸ்டிட்யூட், சுருக்கமாக பி.எஃப்.ஐ., மூன்று தரம் வைத்திருக்கிறது: பிரீமியம், ஸ்டாண்டர்ட், யூட்டிலிட்டி. பிரீமியம் என்றால் சாம்பல் 1 சதவீதத்துக்குள், ஈரம் 8 சதவீதத்துக்குள், மூட்டையில் உதிர்ந்த தூள் அரை சதவீதத்துக்குள், ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நீளமான பெல்லட் 1 சதவீதத்துக்குள். ஸ்டாண்டர்டில் சாம்பல் 2 சதவீதம் வரை போகலாம், யூட்டிலிட்டியில் 6 வரை. கிரிலுக்கு பிரீமியத்துக்குக் கீழே இறங்காதீர்கள், ஆகரும் ஃபயர்பாட்டும் தாங்காது.

அடுத்து மரம். "100 சதவீதம் வன்மரம்" என்று முழுசாக எழுதியிருக்க வேண்டும். "வன்மரக் கலவை", "பிரீமியம் பிளெண்ட்" என்றெல்லாம் இருந்தால் அதில் மென்மரமும் கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இதிலும் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. மரம் உறுதியாக இருப்பதால் வன்மரம் என்று பெயர் வைக்கவில்லை, அகன்ற இலை மரம் எல்லாமே அந்தக் கணக்கில் வரும். பாப்லரும் ஆஸ்பனும்கூட வன்மரம்தான். கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் ஓக் மாதிரி வாசனையை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

பிராந்தியத்தையும் பாருங்கள். பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி பக்கம் அப்பலாச்சியன் மலைக்காடு முழுக்க ஓக், ஹிக்கரி, மேப்பிள், செர்ரி. அங்கே மர அறுவை ஆலைகளை ஒட்டியே பெல்லட் ஆலைகள் இருக்கின்றன. மேற்கு வர்ஜீனியாவின் ஹேமர், கென்டக்கியின் சோமர்செட் போன்ற பெயர்களை அந்தப் பக்கக் கடைகளில் பார்க்கலாம். சோமர்செட் மரத்தரை செய்கிற கம்பெனி, பலகை அறுத்து மிஞ்சுகிற தூளில் பெல்லட். விஸ்கான்சின், மிச்சிகனிலும் வன்மரம் கிடைக்கும். வாஷிங்டன், ஆரிகன், ஐடஹோ, கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா என்றால் கடையில் இருப்பது பெரும்பாலும் ஃபரும் பைனும்தான். அங்கே இருக்கிறவர்கள் அலைய வேண்டாம், கடைசியில் சொல்கிற மாற்று வழிக்கு நேராகப் போய்விடுங்கள்.

கடைசியாக மூட்டையின் பின்பக்கம். "சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது" என்று அச்சடித்திருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள், வாதாட ஒன்றும் இல்லை.

படி 2: ஆலைக்கு எழுதிக் கேளுங்கள்

பலர் தாண்டிவிடுகிற படி இதுதான். என்னைக் கேட்டால் முக்கால்வாசி வேலையே இதில்தான் இருக்கிறது என்பேன். மூட்டையில் ஆலையின் பெயரோ இணைய முகவரியோ பெரும்பாலும் இருக்கும். சின்ன ஆலைகள் பல மின்னஞ்சலுக்கு ஆச்சரியப்படும் அளவுக்குச் சீக்கிரம் பதில் போடும். பொத்தாம்பொதுவாக "இது சமையலுக்கு ஆகுமா" என்று கேட்டால் சட்டப் பயத்தில் "ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதனால் கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள்.

எந்தெந்த மரம், ஏறக்குறைய என்ன விகிதத்தில்? தூள் எங்கிருந்து வருகிறது, மர அறுவை ஆலையிலிருந்தா, மரச்சாமான் தொழிற்சாலையிலிருந்தா? மரச்சாமான் ஆலை என்றால் பசை ஒட்டிய, பாலிஷ் அடித்த துண்டுகள் அதில் சேருகின்றனவா? மறுசுழற்சி மரம், பேலட் மரம் உண்டா? ஒட்டுப்பொருள் ஏதாவது சேர்க்கிறீர்களா? அச்சில் வழவழப்புக்கு எண்ணெய் விடுகிறீர்கள் என்றால் அது தாவர எண்ணெயா, பெட்ரோலிய எண்ணெயா? அதே இயந்திரத்தில் மென்மரமும் ஓட்டுகிறீர்களா, மாற்றும்போது எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்? இதோடு முக்கியமான ஒரு கேள்வி: நீங்களே சமையல் பெல்லட்டும் தயாரிக்கிறீர்களா, அதற்கும் இதற்கும் மூலப்பொருளில் என்ன வித்தியாசம்?

எண்ணெய் என்றதும் பயப்பட வேண்டாம், சமையல் பெல்லட்டிலும் சோயா எண்ணெய் விடுகிற ஆலைகள் உண்டு. பெட்ரோலியம் என்றால்தான் ஒதுக்க வேண்டும். மரச்சாமான் ஆலைத் தூள் என்றாலும் உடனே தள்ளிவிட வேண்டியதில்லை. பாலிஷுக்கு முந்திய கட்டத்தில் வருகிற தூள் காய்ந்த சுத்தமான மரம்தான், ஆனால் அதை அவர்களே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பதிலைப் படிக்கிற விதமும் முக்கியம். "எங்களுடையது பச்சை மரத்திலிருந்து அறுத்த ஓக், மேப்பிள் தூள், வேறு எதுவும் சேர்ப்பதில்லை, ஆனால் சமையலுக்கு என்று நாங்கள் விற்பதில்லை" என்று வந்தால் அது நேர்மையான பதில். அதை வைத்து முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். "மூலப்பொருள் சந்தையைப் பொறுத்து மாறும்" என்று வந்தால் வாங்காதீர்கள், இந்த மாதம் சரியாக இருந்தது அடுத்த மாதம் இருக்காது. பதிலே வரவில்லை என்றாலும் வேண்டாம் என்றுதான் அர்த்தம். வருடத்துக்கு ஒருமுறை திரும்பக் கேளுங்கள், ஆலைகள் கைமாறுவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

படி 3: ஒரே ஒரு மூட்டை வாங்கிச் சோதியுங்கள்

பதில் திருப்தியாக இருந்தால் ஒரு மூட்டை மட்டும் வாங்குங்கள், டன் கணக்கில் பிறகு பார்க்கலாம். பிரித்ததும் மூக்கை வைத்து மோந்து பாருங்கள். புதிதாக அறுத்த மரக்கட்டையின் வாசனை, ஓக் என்றால் லேசான புளிப்பு வாசனை, அவ்வளவுதான் இருக்க வேண்டும். டர்பன்டைன் வாடை வந்தால் பைன் இருக்கிறது. பெயின்ட், பிளாஸ்டிக், டீசல் வாடை எது வந்தாலும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள். நீலம், பச்சை, வெள்ளைப் புள்ளிகள் தெரிகிறதா? இரண்டு விரலால் ஒடித்தால் டப்பென்று ஒடிய வேண்டும், நசுங்கி உதிர்ந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. அப்புறம் ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றி ஐந்தாறு பெல்லட் போடுங்கள். நல்ல பெல்லட் நேரே அடியில் போய் உட்காரும், சில நிமிடத்தில் ஊதிப் பெருத்து வெறும் மரத்தூளாகப் பிரிந்துவிடும். கரையாமல் கட்டியாக நிற்கிற துண்டு, மேலே வானவில் நிறத்தில் படலம், மிதக்கிற பிளாஸ்டிக் சில்லு, இதில் எது தெரிந்தாலும் அந்த மூட்டை கிரிலுக்கு வேண்டாம்.

இந்தச் சோதனைகள் எல்லாம் அப்பட்டமான கலப்படத்தைத்தான் காட்டும். மரத்துக்குள் ஊறிய பசையையும் மருந்தையும் கண்ணும் மூக்கும் கண்டுபிடிக்காது. அதனால்தான் இரண்டாம் படியைத் தாண்டிவிட்டு டம்ளர் சோதனையை மட்டும் செய்து திருப்திப்படுவதில் அர்த்தமே இல்லை.

படி 4: கிரிலைத் தயார் செய்து மாற்றுங்கள்

ஹாப்பரில் இருக்கிற பழைய பெல்லட்டை முழுசாக எடுத்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிரில் நன்றாக ஆறியிருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஷாப் வேக் என்கிற தூசி உறிஞ்சியால் ஹாப்பரின் அடியையும் ஃபயர்பாட்டையும் உறிஞ்சி எடுங்கள். கனல் ஒன்று சாம்பலுக்குள் ஒளிந்திருந்தால் வேக் பையே பற்றிக்கொள்ளும், அதனால் முதல் நாள் சமைத்துவிட்டு மறுநாள் செய்வதே நல்லது.

ஹீட்டிங் பெல்லட் மூட்டையைக் கடை ஊழியர்களும் லாரிக்காரர்களும் அரிசி மூட்டை மாதிரித் தூக்கிப் போடுவார்கள், அதனால் அடியில் தூள் சேர்ந்திருக்கும். கால் அங்குலத்தை விடச் சின்னக் கண்ணுள்ள கம்பி வலையை மரச்சட்டத்தில் அடித்து ஒரு சல்லடை செய்துகொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் சலித்துப் போடுங்கள். தூள் ஹாப்பரின் அடியில் தங்கினால் ஆகர் சீராகத் தள்ளாது, வெப்பநிலை ஏறி இறங்கும், போதாக்குறைக்கு நெருப்பு ஆகர் குழாய் வழியாகப் பின்வாங்கி ஹாப்பருக்கு வருகிற அபாயமும் கூடும். சலிக்கும்போதே ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நீளமானவை கண்ணில் பட்டால் ஒடித்துப் போடுங்கள், அவைதான் ஹாப்பர் வாயில் குறுக்கே விழுந்து பாலம் கட்டுகிறவை.

பெரும்பாலான கிரில்களின் ஹாப்பர் 18, 20 பவுண்டுதான் கொள்ளும். 40 பவுண்டு மூட்டையில் மிச்சத்தை உடனே மூடி இறுக்கமான வாளிக்கு மாற்றுங்கள். ஐந்து கேலன் வாளியில் சுமார் 25 பவுண்டு பிடிக்கும்.

படி 5: முதல் எரிப்பு, உணவு இல்லாமல்

கையேட்டில் சொன்னபடி பற்றவையுங்கள். ஆரம்பத்தில் கெட்டியான வெள்ளைப் புகை வரும், எந்த பெல்லட்டுக்கும் அப்படித்தான். அது அடங்கியதும் 350 டிகிரியில் முக்கால் மணி நேரம் ஓடவிடுங்கள். புகை மெல்லியதாக, நீலச் சாயலில், சில சமயம் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வர வேண்டும். கறுப்புப் புகை, கண்ணை எரிக்கிற நெடி, மூடியின் உட்பக்கம் ஒட்டுகிற தார் மாதிரிப் படிவு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இந்த எரிப்பில் சாம்பலையும் எடை பார்த்துவிடலாம், எனக்குப் பிடித்த சோதனை இது. 10 பவுண்டு பெல்லட் எரிந்து தீர்ந்து, எல்லாம் ஆறிய பிறகு ஃபயர்பாட்டிலும் அடியிலும் இருக்கிற சாம்பலைத் திரட்டிச் சமையலறைத் தராசில் வையுங்கள். 1 சதவீதம் என்றால் ஏறக்குறைய 45 கிராம். கொஞ்சம் ஃபேன் காற்றில் பறந்திருக்கும் என்பதால் 45ஐத் தொட்டாலே உண்மையில் அதற்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தையும் பாருங்கள். வெளிர் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி இருந்தால் நல்லது. ஃபயர்பாட்டின் ஓட்டைகளை அடைத்துக்கொண்டு கண்ணாடிக் கட்டி மாதிரி இறுகியிருந்தால் தூளில் மண்ணும் பட்டையும் அதிகம், அந்த பெல்லட் உங்கள் கிரிலை அடிக்கடி அணைத்துவிடும்.

அடுத்தது மலிவான கோழித் தொடை. உப்பு மட்டும் போட்டு, மசாலா எதுவும் இல்லாமல் 275 டிகிரியில் வையுங்கள். நம் மசாலா எந்தக் கெட்ட ருசியையும் மறைத்துவிடும், அதனால்தான் வெறும் உப்பு. நாக்கில் கசப்போ மரத்துப்போகிற உணர்வோ இல்லை என்றால் தாண்டிவிட்டீர்கள்.

படி 6: சூட்டுக்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று

ஹீட்டிங் பெல்லட்டை நான் சூட்டுக்குத்தான் பயன்படுத்தச் சொல்வேன். ஓக்கும் மேப்பிளும் கலந்த பெல்லட் மிதமான, யாரையும் உறுத்தாத புகையைத் தரும். ஹிக்கரியின் அழுத்தமோ செர்ரியின் இனிப்போ வேண்டும் என்றால் அதைத் தனியாகக் கொடுத்துக்கொள்ளலாம். 12 அங்குல ஸ்மோக் டியூப் ஒன்று வாங்குங்கள், ஓட்டை போட்ட ஸ்டீல் குழாய், அவ்வளவுதான். அதில் நல்ல ஹிக்கரி சமையல் பெல்லட்டை நிரப்பி, ஒரு முனையை புரொபேன் டார்ச்சால் பற்றவைத்து, சில நிமிடம் சுவாலை எரியவிட்டு ஊதி அணைத்துக் கிரிலின் ஓரத்தில் வைத்தால் சுமார் நான்கு மணி நேரம் புகைந்துகொண்டே இருக்கும். கறி புகையை நன்றாகப் பிடிப்பதும் முதல் சில மணி நேரத்தில்தான். சூட்டை மலிவான பெல்லட் பார்த்துக்கொள்ளும், வாசனையை விலையுயர்ந்த பெல்லட் கொஞ்சமே கொஞ்சம் செலவில் கொடுத்துவிடும்.

கடையில் "ஹிக்கரி" என்று விற்கிற சமையல் பெல்லட்டிலும் பல பைகளில் ஓக் அல்லது ஆல்டர்தான் அடிப்படை மரம், பெயரில் இருக்கிற மரம் ஒரு பங்குதான். பையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும். அது ஏமாற்று இல்லை, ஆனால் பவுண்டுக்கு 90 சென்ட் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். டியூபுக்கு மட்டும் 100 சதவீதம் ஹிக்கரி அல்லது செர்ரி என்று எழுதிய பையாகப் பார்த்து வாங்குங்கள்.

375 டிகிரிக்கு மேல் வறுக்கிற, பேக் செய்கிற எதற்கும், பீட்சா, முழுக்கோழி, காய்கறி, டியூபும் தேவையில்லை. அந்தச் சூட்டில் பெல்லட் சுத்தமாக எரிந்துவிடுவதால் எந்த மரம் என்பதே நாக்குக்குத் தெரியாது. விலை வித்தியாசத்தை அறுவடை செய்ய வேண்டிய இடம் இதுதான்.

பழைய மாடல் கன்ட்ரோலரில் பி-செட்டிங் என்று ஒன்று இருக்கும், ஆகர் எவ்வளவு நேரம் நின்று ஓட வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். புது பெல்லட்டுக்கு மாறியதும் வெப்பநிலை ஓரிடத்தில் நிற்கவில்லை என்றால் அதை ஒரு எண் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். பி.ஐ.டி. கன்ட்ரோலர் என்றால் அதுவே சமாளித்துக்கொள்ளும்.

வாரண்டி விஷயம்

கிரில் கம்பெனிகளின் கையேடுகள் பெரும்பாலும் ஹீட்டிங் பெல்லட் போடாதே என்றுதான் சொல்லும். இதில் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எங்கள் பிராண்ட் பெல்லட் போட்டால்தான் வாரண்டி என்று ஒரு கம்பெனி பொதுவாகக் கட்டாயப்படுத்த முடியாது, 1975இன் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் தவறான எரிபொருளால்தான் ஆகர் உடைந்தது, பெயின்ட் கருகியது என்று காட்டினால் அந்தப் பழுதுக்குக் கை விரிக்கலாம். புதுக் கிரில் என்றால் வாரண்டி முடிகிற வரை சமையல் பெல்லட்டிலேயே ஓட்டுவது புத்திசாலித்தனம்.

சாம்பலும் ஈரமும்

நீளமான சமையல் ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஃபயர்பாட்டைச் சுத்தம் செய்யுங்கள். சாம்பல் சேர்ந்த பாட்டில் மறுபடி பற்றவைக்கும்போது பெல்லட் குவிந்து, திடீரென்று மொத்தமாகப் பற்றி மூடியே எகிறுகிற மாதிரி வெடிப்பது பெல்லட் கிரில்காரர்கள் பலருக்கும் தெரிந்த கதை. சாம்பலை மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள், காகிதப் பைக்கும் குப்பைத் தொட்டிக்கும் உடனே போகக் கூடாது.

ஈரம் பெரிய எதிரி. ஹாப்பரில் மழைத் தண்ணீர் இறங்கினால் பெல்லட் ஊதி, காய்ந்ததும் ஆகர் குழாய்க்குள் சிமென்ட் போல இறுகிவிடும், பிறகு மோட்டாரைக் கழற்றி ஆகரை உருவித் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் சமைக்கப்போவதில்லை என்றால் ஹாப்பரைக் காலி செய்துவிடுங்கள். மூட்டையின் பிளாஸ்டிக்கில் காற்றுப் போகச் சின்ன ஓட்டைகள் இருக்கும் என்பதால் அதை அப்படியே வெளியே வைத்தாலும் தண்ணீர் இறங்கும். கராஜில் மரப் பலகை மேல், தரையில் படாமல் அடுக்குங்கள்.

மொத்தமாக வாங்குவது

ஒரு டன் என்றால் 50 மூட்டை, 2,000 பவுண்டு. வாரம் ஒரு தடவை சமைக்கிற ஒரு வீட்டுக்கு அது வருடத்தைத் தாண்டியும் வரும், அதனால் பெல்லட் ஸ்டவ் வைத்திருக்கிற ஒருவரோடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்ல வழி, அவர் எப்படியும் டன்னாகத்தான் வாங்குவார். மார்ச், ஏப்ரலில் குளிர் முடிந்ததும் கடைகள் மிச்சத்தைத் தள்ளிவிடப் பார்க்கும், விலையும் இறங்கும். ஆனால் குளிர்காலம் முழுக்கத் திறந்தவெளியில் கிடந்த மூட்டைகளாக இருக்கலாம், அடியில் இருப்பதைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். டன் கணக்கில் வைத்தால் மூடிய பேஸ்மென்ட் அறையில் வைக்காதீர்கள். பெல்லட் குவியல் கார்பன் மோனாக்ஸைடை வெளியிடும், ஐரோப்பாவில் பெரிய பெல்லட் கிடங்குகளுக்குள் இறங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். காற்றோட்டமான கராஜில் நாலைந்து மூட்டை வைப்பதில் பிரச்சினை இல்லை.

உங்கள் ஊரில் நல்ல வன்மரம் கிடைக்கவில்லை, அல்லது ஆலை பதில் போடவில்லை என்றால் என்ன செய்வது? சமையல் பெல்லட்டையே மொத்தமாக வாங்குங்கள். மாவட்டத்தில் இருக்கிற பார்பிக்யூ சாமான் கடையையோ சமையல் பெல்லட் ஆலையின் விற்பனையாளரையோ கேட்டு, வெறும் ஓக் அல்லது "காம்பெட்டிஷன்" என்று விற்கிற கலவையை 40 பவுண்டு மூட்டையாகவோ முழு பேலட்டாகவோ எடுத்தால் சில்லறை விலையை விட நன்றாகவே இறங்கிவரும். மூன்று நான்கு வீடு சேர்ந்தால் போதும். ஹீட்டிங் பெல்லட் அளவுக்கு மலிவாக இருக்காது, ஆனால் ஆலைக்குக் கடிதம் எழுதி, டம்ளரில் ஊறவைத்து, தராசில் சாம்பலை நிறுத்துப் பார்க்கிற வேலை மிச்சம்.